மொய் வைத்த முன்சக்கரம்

“…வராதுங்க. நாளைக் காலை வரைக்கும் உட்கார்ந்து கூட்டினாலும் வராது. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், ஆனா ரெண்டையும் கூட்டினா ஒத்தப்படை வரணும்னா, அது எந்த ஊர்க் கணக்குலயும் கிடையாது. மார்சிலிங்ல வலி கண்டு படுத்திருக்கிற பொண்ணுக்கு இப்ப நான் என்ன சொல்லி அனுப்பட்டும்? மொய்க் கணக்கு இன்னும் முடியல, கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னா?”

இது என் அக்கா சொன்னது. அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், பிரசவப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள். அவள் எதிரே ஒரு முன்சக்கரம் கழற்றப்பட்டு ஜாக்கியில் நின்றது அவளுடைய கார். காரைச் சுற்றி மூன்று ஆண்பிள்ளைகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தே ஓ என்கிற பால் விடாத டீ கிளாஸ்கள் இருந்தன. பிஸ்கட்கூட இருந்தது.

மூன்று ஆண்பிள்ளைகள் இரண்டு இரும்புத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்த கதை இது. என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும், அதனால் முட்டாள்தனத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்துபோவேன். ஆனால் அன்றைக்குக் கேட்டதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா மருத்துவச்சி. முறையாகப் படித்து, லைசென்ஸ் வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவள். கேலாங், சாங்கி, புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ் என்று பஸ் எட்டிப்பார்க்காத கிராமங்களெல்லாம், எங்கள் பேச்சில் கம்பங்களெல்லாம், அவளுக்கு அத்துப்படி. அதற்காக அவளே சம்பாதித்து அவளே வாங்கியதுதான் அந்தச் சின்ன இங்கிலீஷ் கார். தயிர் நிறம். மலாய்க்காரப் பெண்கள் அதைக் ‘கெரெத்தா பிடான்’ என்பார்கள், மருத்துவச்சி வண்டி என்று அர்த்தம். செம்மண் ரோட்டில் அதன் சத்தம் கேட்டாலே வலியில் கிடப்பவள் பாதி தெம்பாகிவிடுவாள் என்று சாங்கிக் கம்பத்துப் பாட்டியம்மா ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள். “வண்டி வந்துட்டா புள்ளைக்கும் தெரிஞ்சிடும்லா, அதுவும் கிளம்பிடும்” என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள்?

மார்சிலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டின கம்பத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் தடவை வேறொரு மருத்துவச்சிக்குச் சொல்லியிருந்தார்கள். டாக்சிக்காரன் செம்மண் ரோட்டுக்குள் இறங்க மாட்டேன் என்று மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மா மழையில் நடந்துபோய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. இந்தத் தடவை அக்காவிடம் வந்தபோது அந்தப் பெண் வேறெதுவும் கேட்கவில்லை. “கார்ல வருவீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாள். “வாசல் வரைக்கும் கார்ல வருவேன்” என்று அக்கா சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தப் பெண் மாதங்களைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரைத்தான் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், அழகு பார்க்கத் தொடங்கினார்.

மச்சான் துறைமுகத்தில் கிளார்க். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. குடி கிடையாது, குதிரைப் பந்தயம் கிடையாது. அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டால் அவரே மீன் வாங்கிவந்து குழம்பு வைப்பார். ஒரு நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனா விஸ்தா மேட்டில் கார்ப் பந்தயம் பார்க்கப் போனார். அங்கே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வளைவில் பறந்த கார்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, பெண்டாட்டியின் கார் கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது.

“வெள்ளத்துல வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் மாதிரி நிக்குது மாப்ளே, நம்ம வண்டி” என்றார் என்னிடம்.

“வெள்ளத்துலதானே மச்சான் அது போகுது” என்றேன்.

அவர் காதில் விழவில்லை. அடுத்த வாரமே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் முன்பக்கத்து ஸ்ப்ரிங்குகளை வெட்டிக் காரைத் தாழ்த்திவிட்டார். வெட்டியவன் கைக்கு வந்தபடி வெட்டியிருந்தான். வலது பக்கம் இடதைவிட இறங்கிக் கிடந்தது. கம்பத்து ரோட்டில் காரின் வயிறு உரசியது. சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு, அதிலும் ஆளுக்கொரு சாய்வில் நின்றன. தாழ்த்தின காரைச் சரியாக நிறுத்த வேண்டுமானால் முன்பக்கத்து ஆர்மை மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் சொன்னது நியாயம்தான்.

நான் அப்போது ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனத் தவ்கேயின், அதாவது முதலாளியின், உதிரிச் சாமான் கடையில் கவுண்டரில் நின்றேன். பள்ளிக்கூடம் எனக்கு வாய்த்தது கொஞ்சம்தான். பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த காகிதங்களைப் படித்துத்தான் இங்கிலீஷே கற்றுக்கொண்டேன். அதனால் இந்த ஆர்ம் விவகாரத்தை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். ஒவ்வொரு முன்சக்கரத்தையும் கீழே ஓர் இரும்பு பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு முனை காரின் உடம்பில், மறுமுனை சக்கரத்தின் காலடியில். அதுதான் ஆர்ம். கம்பெனியிலிருந்து வருகிற ஆர்ம் ஒரே நீளம். திருகு வைத்த ஆர்ம் என்று ஒன்று உண்டு. நடுவில் மரை இருக்கும், முறுக்கினால் நீளும், திருப்பி முறுக்கினால் குறையும். நீட்டினால் சக்கரத்தின் காலடி வெளியே போகும், தலை உள்ளே சாயும். பந்தயக்காரர்கள் வளைவில் பிடிமானம் வேண்டும் என்று அப்படிச் சாய்ப்பார்கள். நம்மைப் போல நேர் ரோட்டில் போகிறவர்கள் அதிகம் சாய்த்தால் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து வீணாகும். இரண்டு பக்கச் சாய்வும் வேறு வேறாக இருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். இவ்வளவுதான். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

ஆர்மின் முனையில்தான் தேர்வே இருக்கிறது. சிலதில் ரப்பர் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கும். ரோட்டின் குத்தை அது வாங்கிக்கொள்ளும். சிலதில் இரும்புக் குண்டு இருக்கும். வழவழப்பான பந்தயத் திடலுக்கு அது சரி, இம்மிகூட அசையாது. ஆனால் கல்லும் குழியுமான ரோட்டில் ஒவ்வொரு குத்தும் நேராக ஓட்டுகிறவரின் பல்லுக்கு வந்து சேரும். செம்மண் உள்ளே புகுந்தால் சீக்கிரமே லொடலொடக்க ஆரம்பிக்கும். கம்பம் கம்பமாகப் போகிற மருத்துவச்சியின் காருக்கு எது வேண்டும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கடையில் ரப்பர் புஷ் வைத்த ஒரு ஜோடி இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்தது, தடியாக, அழகில்லாமல். மச்சானைக் கூட்டிவந்து காட்டினேன். தனியாக வந்திருந்தால் வாங்கியிருப்பார். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒருவர் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் வட்டாரத்தில் கார் என்றால் அவரைத்தான் கேட்பார்கள், அதனால் அவரை நிபுணர் என்றே சொல்லி வைக்கிறேன். அவருக்கு வானநீலத்தில் ஒரு கார் இருந்தது. அதற்குத் துணியில் தைத்த உறை உண்டு. டயரைப் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார். மழை தூறினால் காரை எடுக்க மாட்டார், பஸ்ஸில் போவார். டீ விற்கிற சரபத் கடையில் உட்கார்ந்தால் முதல் வேலையாகத் தோல் பட்டை போட்ட கார்ச் சாவியை எடுத்து மேஜைக்கு நடுவில் வைப்பார், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. பந்தயங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. அந்தக் கார் செம்மண்ணைக் கண்டது அதன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அதன் பின் சீட்டில் யாரோ பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் கொடுத்தனுப்பிய பலாப்பழம் ஒன்றும் ஏறிவந்தது. அந்த வாசனை போகவேயில்லை என்று வெகுநாள் புலம்பினார்.

இன்னொருவர் தையற்காரர். கார் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, மிதிவண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார். ஆனால் எதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருப்பார். மச்சானுக்கு அவர் மேல் அப்படி ஒரு மரியாதை.

மூன்று பேரும் கவுண்டருக்கு முன்னால் நின்று கறுப்பு ஆர்மைப் பார்த்த விதம் இருக்கிறதே, பெண் பார்க்கப் போனவர்கள் தோற்றார்கள். தையற்காரர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். கீழே வைத்தார்.

“கறுப்பா இருக்கே” என்றார்.

“காருக்கு அடியில இருக்கப் போகுதுங்க” என்றேன். “பார்க்கப் போறது சேறுதான்.”

நிபுணர் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். “இதெல்லாம் பொம்பளைங்க ஓட்டற வண்டிக்குப் போடற சாமான் தம்பி” என்றார்.

“அண்ணே, இந்த வண்டியைப் பொம்பளைதான் ஓட்டறாங்க.”

“நீ சாமான் விக்கிறவன். ஓட்டறவன் இல்ல. அந்த வித்தியாசம் உனக்குப் புரியாது.” இதைச் சொன்னவர் மழைக்குப் பயந்து பஸ்ஸில் போகிறவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிபுணரே ஒரு ஜோடி கண்டுபிடித்தார். சாங்கி விமானத் தளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது, குரோமியம் பூசியது, இரும்புக் குண்டு முனை. சரபத் கடை மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் இரண்டையும் வைத்துப் பிரித்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தன. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மீன் வெட்டறதுக்கா?” என்று கேட்டார். அன்றைக்கு அந்த மேஜையில் பேசப்பட்டவற்றில் அது ஒன்றுதான் புத்திசாலித்தனமான கேள்வி.

“வெள்ளைக்காரன் போட்டது” என்றார் நிபுணர்.

“வெள்ளைக்காரன் கழட்டினது” என்றேன்.

மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை. ஆர்மில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது. ஒரு சாமானை அதன் வேலையைப் பார்த்து எடுக்காமல் அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்து எடுப்பவனுக்கு யார் என்ன சொல்லி விளங்கவைக்க முடியும்?

மாட்டுகிற அன்று நான் கடையில் இருந்தேன். சந்தில் நடந்ததை மச்சானே பின்னால் பெருமையாகச் சொன்னார். எத்தனை முறுக்கு முறுக்குவது என்று கேள்வி வந்ததாம். சாய்மானத்தைப் பார்க்க ஒரு தூக்குநூல் கட்டித் தொங்கவிட்டால் போதும், ஒரு சிறு பையன்கூடச் செய்வான். நூல் தையற்காரரின் சட்டைப்பையிலேயே இருந்திருக்கும். ஆனால் நிபுணருக்கு அளப்பது பிடிக்காது, “பந்தயக்காரனுக்குக் கை சொல்லும்” என்பார். இடது பக்கம் ஐந்து முறுக்கு வைத்தார். வலது பக்கமும் ஐந்து வைத்துவிட்டு ஸ்பானரை எடுக்கும்போது தையற்காரர் தடுத்துவிட்டார்.

“கூட்டினா பத்து வருது. நல்ல காரியத்துக்கு யாராவது பத்து வைப்பாங்களா? கல்யாணத்துல மொய் எழுதறப்ப என்ன பண்றோம்? ஒண்ணு சேர்த்துத்தானே வைக்கிறோம்? ஒண்ணு கூட வைங்க, பதினொண்ணு ஆகட்டும்.”

நிபுணர் வைத்தார். வலது பக்கம் ஒரு முறுக்கு கூட. ஸ்ப்ரிங் வெட்டியதில் ஏற்கெனவே தாழ்ந்து, ஏற்கெனவே அதிகம் சாய்ந்து கிடந்த அதே வலது பக்கம். நீட்டவே வேண்டாம், குறைக்க வேண்டிய இடம் அது. கோணலை நிமிர்த்துவதற்கென்று வாங்கின சாமானை வைத்துக் கோணலுக்கு மொய் எழுதிவிட்டு, மூன்று பேரும் கை கழுவிக்கொண்டு கோப்பி குடிக்கப் போனார்கள்.

அதோடு விட்டார்களா? மறுநாள் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் பூசை. புதுக் காருக்குப் பூசை போடுவது வழக்கம்தான், நானும் போட்டிருக்கிறேன். ஆர்முக்குப் பூசை போட்டது உலகத்தில் என் மச்சான் ஒருவராகத்தான் இருக்கும். குருக்கள் காரைச் சுற்றி வந்து, “எது புதுசு?” என்று கேட்டார். மச்சான் குனிந்து அடியில் காட்டினார். குருக்கள் குனியவில்லை. கற்பூரத் தட்டை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினார்.

எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்கு அடியில் நன்றாகவே நசுங்கின. அதில் எல்லாருக்கும் திருப்தி. மச்சான் பக்தி மேலிட்டு, டயரில் சும்மா பொட்டு வைக்காமல், ரோட்டைத் தொடுகிற பாகத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகப் பூசினார். இரண்டு முன்சக்கரத்துக்கும். அந்த மூன்று பேர் சேர்ந்து செய்த காரியங்களிலேயே உருப்படியானது இதுதான், அதுவும் தெரியாமல் செய்தது. எங்கள் கடைக்கு வருகிற மெக்கானிக்குகள் டயரில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள். கோடு எங்கே அழிகிறதோ அங்கேதான் டயர் ரோட்டில் உட்காருகிறது. மச்சான் சாக்பீஸுக்குப் பதில் சந்தனத்தால் அதே சோதனையைச் செய்திருந்தார்.

கோயிலிலிருந்து அக்காதான் ஓட்டிவந்தாள். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினாள். கையை உதறிக்கொண்டாள்.

“ஸ்டியரிங்கை விட்டா இடது பக்கம் போகுது. இறுக்கிப் பிடிச்சாக் கையெல்லாம் நடுங்குது. என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“புதுசுல அப்படித்தான் இருக்கும்” என்றார் மச்சான். “செருப்பு கடிக்கிற மாதிரி.”

“செருப்பு கடிச்சா கையில எடுத்துக்கிட்டு நடந்துடலாம். இதை எங்க தூக்கிக்கிட்டு நடக்கறது?”

நானும் அவளும் குனிந்து பார்த்தோம். இடது டயரில் சந்தனம் ஏறக்குறைய முழுக்க அழிந்திருந்தது, வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். வலது டயரில் உள்பக்கம் சுத்தமாகத் துடைத்தது போல இருந்தது. வெளிப்பக்கப் பாதிப் பட்டை பூசினபடியே, மச்சானின் விரல் தடத்தோடு அப்படியே இருந்தது. அந்தப் பாதி டயர் ரோட்டைத் தொடவே இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு கார் எப்படிப் பேசும்?

நான் மச்சானுக்குக் காட்டினேன். அவர் யோசனை செய்தார். உடனே போய்த் தையற்காரரைக் கூட்டிவந்தார். தையற்காரர் நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: “சந்தனம் நிக்குதுன்னா சாமி நிக்குதுன்னு அர்த்தம். வலது பக்கம் நிக்கறது ரொம்ப விசேஷம்.”

அப்புறம் சில நாள் அக்கா அதே காரில் கேலாங்குக்கும் சாங்கிக்கும் போய்வந்தாள். வேறு வழியில்லை. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொள்வாள். “வயித்துப் புள்ளை உதைக்கிற மாதிரி உதைக்குதுடா தம்பி” என்பாள். “அதுவாவது ஒரு நாள் வெளிய வந்துடும்.” அவளுக்கு மார்சிலிங் பெண்ணின் நினைப்புதான். நாள் நெருங்கிவிட்டது. அந்தக் கம்பத்து ரோடு மழை பெய்தால் சோப்பு மாதிரி. ஒரு பக்கம் இழுக்கிற காரோடு அதில் இறங்கினால் கால்வாயில்தான் போய் நிற்க வேண்டும். மச்சானைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய ஆர்மையே போட்டுவிட வேண்டும். மச்சான் வாக்குக் கொடுத்தார்.

“நான் வந்து மாட்டித் தர்றேன் மச்சான்” என்றேன்.

“வேணாம் மாப்ளே. அண்ணன் வர்றாரு.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். வானநீலக் காரைச் சந்தின் மறுமுனையில் நிழல் பார்த்து நிறுத்தி, உறை போட்டு மூடி, நடந்து வந்தார். ஒரு ஸ்டூலில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் சாவியை வைத்தார். வலது சக்கரத்தைக் கழற்றினார். ஆர்மைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தினார். அங்கேயே வேலை நின்றுபோனது.

கேளுங்கள் இந்தக் கூத்தை. வலது பக்கம் வைத்த ஒரு முறுக்கைத் திருப்பி எடுத்தால் இரண்டும் ஐந்தாகிவிடும். ஐந்து நிமிஷ வேலை. அது போதாது, ஸ்ப்ரிங் தாழ்வுக்கு இன்னும் குறைக்க வேண்டும் என்றாலும் ஒரு தொடக்கமாவது ஆகியிருக்கும். தையற்காரர் விடவில்லை. “சாமி முன்னாடி வச்ச மொய்யை யாராவது திருப்பி எடுப்பாங்களா? எடுத்தா அந்த வீடு விளங்குமா?” என்றார். மச்சான் முகம் வெளுத்துவிட்டது. சரி, எடுக்க வேண்டாம், இடது பக்கமும் ஒன்று கூட்டி ஆறு ஆக்கலாம் என்றார் நிபுணர். அப்படியானால் கூட்டுத்தொகை பன்னிரண்டு, இரட்டைப்படை. அப்போ வலது பக்கம் ஏழு. பதின்மூன்று வந்தது. ஆனால் சமமில்லை. சமமாக்கினால் பதினான்கு. தையற்காரர் சாக்பீஸால் தரையிலேயே எழுதிப் பார்த்தார். நிபுணர் விரலை மடக்கினார். மச்சான் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஒரு தடவை, “சமமான ரெண்டைக் கூட்டினா எப்பவும் இரட்டைதான் வரும்” என்று சொன்னேன். “குறுக்கே பேசாதலா” என்றார் நிபுணர். தே ஓ வந்தது. பிஸ்கட் வந்தது. பன்னிரண்டு மணி வந்து போனது. மார்சிலிங் இருக்கிற உட்லண்ட்ஸ் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவரும் கெட்டவர் இல்லை. பணத்துக்கோ பகைக்கோ செய்யவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். ஒரு வஞ்சமும் இல்லாத, சிரித்த முகமுள்ள, பிஸ்கட்டை முதலில் உனக்கு நீட்டுகிற மடத்தனத்தை எதிர்த்து எங்கே போய் நிற்பது?

அப்போதுதான் மளிகைக் கடைக்காரர் சந்துக்குள் வேகமாக வந்தார். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது, அக்காவுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். “மார்சிலிங்லேருந்து போன்மா” என்றார். “காலையிலேயே வலி எடுத்துடுச்சாம். அங்க மழை தொடங்கிடுச்சாம். காரு கிளம்பிடுச்சான்னு கேக்கறாங்க.”

அக்கா உள்ளேயிருந்து பையோடு வந்தாள். பை எப்போதும் தயாராகத்தான் இருக்கும். ஜாக்கியில் நிற்கிற காரைப் பார்த்தாள். தரையில் எழுதியிருந்த கூட்டல்களைப் பார்த்தாள்.

“இன்னும் முடியலையா?” என்றாள்.

மச்சான் எழுந்தார். “முடிஞ்சிடுச்சு. ஒரே ஒரு சிக்கல்தான். சமமாவும் இருக்கணும், கூட்டினா ஒத்தப்படையாவும் வரணும். அண்ணன் கண்டுபிடிச்சிடுவாரு. நீ வேணா ஒரு டாக்சி…”

“டாக்சிக்காரன் எங்க இறக்கி விடுவான்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

தையற்காரர் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்து, “கொஞ்சம் பொறும்மா, வந்துடும்” என்றார்.

அதற்குத்தான் அக்கா அந்தப் பதிலைச் சொன்னாள். வராதுங்க என்று ஆரம்பித்து, மொய்க் கணக்கு முடியவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லட்டுமா என்பது வரைக்கும், குரலை உயர்த்தாமல், பிரசவ வீட்டில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். நிபுணர் மட்டும் வானத்தையும் ஒரு தடவை பார்த்தார். மழை வருமா என்று அவருக்குக் கவலை.

அக்கா அந்தப் பார்வையைப் பார்த்தாள். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து, ஸ்டூலில் செய்தித்தாள் மேல் இருந்த தோல் பட்டைச் சாவியை எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. சந்தின் மறுமுனைக்கு நடந்தாள். நிபுணர், “அம்மா, அது மழையில…” என்று எழுந்து பின்னால் போனார். அவள் வானநீலக் காரின் உறையை உருவி, பிள்ளைத் துணியை மடிப்பது போல நாலாக மடித்து, வந்து நின்ற நிபுணரின் நீட்டின கையில் வைத்தாள். பையை முன் சீட்டில் போட்டாள், சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள், காரைக் கிளப்பி, மார்சிலிங்குக்குப் போகிற புக்கிட் தீமா ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.